எதிர்வீட்டு நீலம்

"எவ்வளவு அழகா இருக்கு!"

இதைச் சொன்னது என் மனைவி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த ஆசையை நான் கல்யாணமான இரண்டாம் மாதமே விட்டுவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் புதிதாக நீலம் அடித்திருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அந்தச் சுவரைவிட என் சுவர் அழகாக இருக்க வேண்டும். அந்த மூன்று வார்த்தைகளையும் அவள் வாயிலிருந்து என் வேலைக்காக வரவழைக்க வேண்டும். அதுவரை எனக்குச் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கிடையாது. (அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அது வேறு விஷயம்.)

எங்கள் குடியிருப்பில் மாடிக்கு இரண்டே வீடு. கதவுக்கு நேர் கதவு. நடுவில் நாலடி வராந்தா. இங்கே தும்மினால் அங்கே மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். கதவைத் திறந்ததும் ஒரு சின்ன நடை, அதன் கடைசியில் ஒரு சுவர். எதிர்வீட்டு நடையும் அச்சு அசல் இதே மாதிரி. என் மனைவி தையல்காரி. வெளிச்சத்துக்காகத் தையல் மெஷினை நடையில், சுவருக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்துப் போட்டிருக்கிறாள். எதிர்வீட்டம்மா லேப்டாப்பில் பாடம் நடத்தும் டீச்சர். அந்த வீட்டில் சிக்னல் நடையில் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே அவரும் அதே மாதிரி, சுவருக்கு முதுகு, கதவுக்கு முகம். இரண்டு கதவும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

டீச்சரின் கணவருக்கு நான் வைத்த பெயர் ரசமட்டம். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் ஒரு மட்டப் பலகை வைத்திருப்பாரே, நடுவில் ஒரு குமிழி ஓடுமே, அதுதான் ரசமட்டம். அந்த மனிதர் காலண்டர் மாட்டினாலும் அதை வைத்துக் குமிழி பார்ப்பார். ஒரு நாள் தட்டில் வைத்த பிஸ்கட்டுக்குப் பார்த்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

நான் வங்கியில் கையெழுத்து சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இருபது வருட சர்வீஸ். ஒரு சுழியைப் பார்த்தால் போதும், யார் எழுத்து, நிஜமா போலியா என்று சொல்லிவிடுவேன். என்னை ஏமாற்ற இன்னொருவன் பிறந்து வர வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் பிறந்து வந்து எதிரெதிரே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

"நானும் அடிக்கப் போறேன்," என்றேன் மனைவியிடம்.

"யாரை?"

"சுவத்துக்கு நீலம் அடிக்கப் போறேன்!"

மெஷின் நின்றது. "நீங்களா? எட்டு வருஷமா கேட்டேன், காதுலயே வாங்கல. இப்ப என்ன திடீர்னு?"

"ஆசை வந்துடுச்சு."

"வேணாங்க. ஆணி அடிக்கச் சொன்னா வெரல்ல அடிச்சுக்கிட்டு மூணு நாள் லீவு போட்ட ஆளு நீங்க."

"அது ஆணியோட தப்பு."

"உங்களுக்கு வராதுங்க. எதிர்வீட்டு அண்ணா சுவத்தைத் தொட்டுப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்குது."

"எப்போ தொட்டே?"

"காலையில."

"எத்தனை தடவை?"

"எண்ணிக்கிட்டா தொடுவாங்க?"

தப்பாக நினைக்காதீர்கள். அவள் அவரை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறாள். அவரும் தங்கச்சி என்கிறார். என் பொறாமை அந்த ரகம் இல்லை. பதினாலு வருடமாக எனக்குக் கிடைக்காத ஒரு பாராட்டை ஒரு சுவரும் ஒரு குமிழியும் தட்டிக்கொண்டு போய்விட்டன. வயிறு எரிந்தது.

பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர், "எந்த நீலம் சார்?" என்றார்.

"நீல நீலம்தான்."

"நாப்பத்தி மூணு நீலம் இருக்கு சார்."

"எதிர்வீட்டு நீலத்தைவிட நல்ல நீலம் எது?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னை மாதிரி நிறையப் பேரைப் பார்த்தவர் போலிருக்கிறது. ஒரு வண்ண அட்டையைக் கையில் கொடுத்து, வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். வீட்டில் கேட்பதா? இது என் தனிப்போர்.

படியேறும்போது டீச்சர் எதிரே வந்தார். அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணா, நீங்களும் அடிக்கப் போறீங்களா? உங்க ரசனை எனக்குத் தெரியும். பாதிச் சுவர் வரைக்கும் மரச்சட்டம் அடிச்சு, கட்டம் கட்டமாப் பிரிச்சு, அதுக்குக் கருநீலம். மேல பாதிக்கு வெளிர் நீலம். இதைத்தானே நினைச்சிருக்கீங்க?"

நான் ஒன்றுமே நினைத்திருக்கவில்லை. "அதேதான் டீச்சர்," என்றேன்.

"மறந்துடப் போறீங்க," என்று அட்டையின் பின்னால் பென்சிலால் எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனசு!

அதை அப்படியே போய் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டுமே என்றுதான்.

"டீச்சர் என் ரசனையைப் பத்தி ரொம்பப் பெருமையாப் பேசினாங்க."

"அப்படியா? அப்போ அவங்க சொன்ன மாதிரியே செஞ்சிடுங்க," என்று ஊசியில் நூல் கோத்தாள். பொறாமை ஒரு நூல்கூட இல்லை. எனக்குத்தான் இன்னும் எரிந்தது.

நாலு ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டேன். சுவரில் குண்டும் குழியும் தெரியாமல் மாவு மாதிரி ஒன்றைப் பூசுவார்களே, பட்டி, முதல் ஞாயிறு அதற்கே போய்விட்டது. சுவர் தின்றது பாதி, நான் தின்றது பாதி. அடுத்த ஞாயிறு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. பார்சல் கொண்டுவந்த ஆள் என்னைப் பார்த்து, "தாத்தா, வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?" என்றான்.

எனக்குப் போட்டியாக எதிர்வீட்டிலும் இரண்டாம் சுற்று ஆரம்பித்துவிட்டது. ரசமட்டம் வெறும் நீலத்தோடு விடவில்லை. அதன்மேல் பஞ்சால் வெள்ளையை ஒற்றி ஒற்றி மேகம் வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு நான் ஏணிமேல் நின்று நாக்கு வறண்டிருந்தேன். என் மனைவி எலுமிச்சை ஜூஸ் டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்தாள். கையை நீட்டினேன். டம்ளர் என்னைத் தாண்டிப் போனது. வராந்தாவைத் தாண்டிப் போனது.

"குடிங்கண்ணா, களைச்சுப் போயிட்டீங்க. அந்த மேகத்தை மட்டும் ஒரு விரல் மேல ஏத்துங்களேன்."

"ஏத்திட்டாப் போச்சு தங்கச்சி."

மேகத்துக்கு யாராவது ரசமட்டம் வைப்பார்களா? அந்த மனிதர் வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றதும் இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

அவள் திரும்பி வந்ததும் கேட்டேவிட்டேன். "அவர் சுவத்து மேல உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை?"

"பின்னே? நான்தானே நாள் முழுக்கப் பாக்கணும்!"

உண்மையை ஒளிக்காமல், மறைக்காமல், என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் ஏறவில்லை. பொறாமை பிடித்தவன் காதில் பட்டியும் அடைத்துக்கொண்டால் என்ன ஏறும்?

"எனக்கு ஜூஸ்?"

"ஏணியை விட்டு எறங்குனா டம்ளர் அலமாரியில இருக்கு."

நாலாவது ஞாயிறு காலை வேலை முடிந்தது. சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தையும் டேப்பையும் உரித்தெடுத்தேன். கீழே கருநீலக் கட்டங்கள். மேலே வெளிர் நீலம். சட்டத்தின் விளிம்பு கத்தியால் கீறிய மாதிரி இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானே நம்பவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன், என் கைதானா என்று.

"வந்து பாரேன்!"

மெஷினில் உட்கார்ந்திருந்தவள் கழுத்தை மட்டும் கால்வாசி திருப்பினாள். "ம்ம். நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்க, அங்க மறைக்குது."

நான் மறைத்துக்கொண்டிருந்தது எதிர்வீட்டு மேகத்தை.

கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் நெடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு வாரம். டேப்போடு உரிந்து போன ஒரு புருவம். சுத்தியல் தின்ற இரண்டு நகம். இவ்வளவும் ஒரு 'ம்ம்'முக்கா? காலி டப்பாக்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மாடிப்படியில் ரசமட்டம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது. என் மேல உங்களுக்கு என்ன பகை?"

"எனக்கா? பகையா?"

"எங்க வீட்டுல ஒரு மாசமா உங்க புராணம்தான் சார். 'அண்ணனுக்கு என்னா ரசனை, என்னா பொறுமை, அந்தக் கட்டத்தைப் பாருங்க, நீங்களும் இருக்கீங்களே!' காதுல ரத்தம் வருது. நான் பாட்டுக்கு வெறும் நீலத்தோட நிறுத்தியிருப்பேன். உங்களாலதான் மேகம் வெக்க வேண்டியதாப் போச்சு."

என்னைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்பட்டிருக்கிறான்! அந்தச் சந்தோஷம் சரியாகப் பத்து வினாடி இருந்தது. அதற்குள் அவர் பையிலிருந்து ஒரு வண்ண அட்டையை எடுத்தார். "இந்தாங்க, எங்க வீட்டுல குடுத்தனுப்பின அட்டை. இதுல இருக்குற மாதிரியே செய்யணும்னு உத்தரவு."

பின்பக்கம் திருப்பினேன். 'நீலம் அப்படியே இருக்கட்டும். மேலே மேகம், அஞ்சு. கீழே இறங்கக் கூடாது.'

அந்த 'ழ'வைப் பார்த்ததும் என் இருபது வருட சர்வீஸ் விழித்துக்கொண்டது. பாபினில் நூல் சுற்றிய மாதிரி வாலை இரண்டு சுற்றுச் சுற்றிவிடும் அந்த 'ழ'வை இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் எழுதுவாள். சட்டைப் பையிலிருந்த என் அட்டையை அவரிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"இது எங்க வீட்டு எழுத்து சார்."

"இது எங்க வீட்டு எழுத்து," என்றேன், கையிலிருந்த அவர் அட்டையைக் காட்டி.

அவர் மடியில் கிடந்த மட்டப் பலகையில் குமிழி மெல்ல ஓடி நடுவில் வந்து நின்றது.

மேலே போனோம். மெஷினில் என் மனைவி, லேப்டாப்புக்கு முன்னால் டீச்சர். ஆளுக்கொரு டீ. எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து ருசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டையை நீட்டினேன். "இது உன் எழுத்துதானே?"

"ஆமா. இருபது வருஷ சர்வீஸுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாசமா?"

"அவர் சுவத்துக்கு நீ எழுதிக் குடுத்திருக்கே. நம்ம சுவத்துக்கு டீச்சர் எழுதிக் குடுத்திருக்காங்க. என்ன நடக்குது இங்க?"

"நம்ம சுவத்தை நான் எங்கங்க பாக்குறேன்? வரும்போது கையில பை. உக்காந்தா முதுகு. அதை நாள் முழுக்கப் பாக்குறது டீச்சர். அவங்க சுவத்தைப் பாக்குறது நான். பாக்குறவங்கதானே என்ன வேணும்னு சொல்லணும்?"

"அதை என்கிட்டயே நேராச் சொல்லியிருக்கலாமே?"

"எட்டு வருஷம் நேராத்தான் சொன்னேன். எதிர்வீட்டு அண்ணா அடிச்சார்னதும் எட்டு நிமிஷத்துல கெளம்பிட்டீங்க."

டீச்சர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "எங்க வீட்டுலயும் அதே கணக்குதான்," என்றார். ரசமட்டம் தலை குனிந்துகொண்டார்.

என்னிடம் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். "அதெல்லாம் இருக்கட்டும்மா. நான் அடிச்சதை நீ இன்னும் ஒழுங்காக்கூடப் பாக்கல," என்றேன்.

என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். டீயைக் கீழே வைத்தாள். எழுந்து வராந்தாவைக் கடந்து போய், டீச்சரை எழுப்பிவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்து எங்கள் சுவரைப் பார்த்தாள்.

வராந்தா வெளிச்சம் முழுக்க அதன்மேல் விழுந்திருந்தது. கருநீலக் கட்டங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் கண் ஒவ்வொரு கட்டமாக மேலே ஏறியது.

"எவ்வளவு அழகா இருக்கு!"

கேட்டீர்களா? மூன்று வார்த்தை. எனக்காக. எனக்கு அந்த வராந்தாவிலேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது.

"இதை நீங்களா செஞ்சீங்க?"

"நானேதான்! ஒத்தை ஆளா!"

அப்புறம் அவள் முகம் மாறியது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகக் கண்ணாடியில் தினமும் பார்த்த முகம்.

"இதையா டீச்சர் இனிமே தினமும் பாக்கப் போறாங்க? நான் அந்த மேகத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா?"

"நீ கேட்ட மேகம்தானே?"

"கேட்டேன். இதைப் பாக்குறதுக்கு முன்னாடி கேட்டேன்."

"மெஷினைத் திருப்பிப் போட்டுக்கயேன்."

"வெளிச்சத்தை யாரு திருப்பிப் போடுவா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் ஏணிமேல் நிற்கிறேன். எதிர்வீட்டில். ஒரு மாதம் நான் வயிறெரிந்த அதே சுவருக்கு, என் கையாலேயே கருநீலக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ரசமட்டம், "ஒரு விரல் மேல சார்," என்கிறார். கடைசிச் சட்டத்தை அடித்து முடித்தேன். வராந்தாவுக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"எவ்வளவு அழகா இருக்கு!"

பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஏணியிலிருந்து திரும்பினேன்.

"தேங்க்ஸ் தங்கச்சி," என்றார் ரசமட்டம்.