பிரேக் பார்க்க நாலு பேர்

என்னுடைய அறுபத்தொன்றாம் ஆண்டு டயரியில், தீபாவளிக்கு மறுநாள் பக்கத்தில், இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: "மாலை, ஐயாவின் காரில் பிரேக் பார்க்கப் போனோம். சரியாகப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்."

எழுதியவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிரேக் பிடிக்காததற்காக ஆனந்தப்பட்ட கார்ச் சொந்தக்காரர் இந்த இலங்கையில், ஏன், கார் ஓடுகிற எந்தத் தேசத்திலும், ஒருவர்தான் இருந்திருக்கிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவருக்குப் பெயர் பிரேக் ஐயா. சொந்தப் பெயர் அவருக்கு வரும் தபாலில் மட்டும் இருக்கும். தபாலும் அதிகம் வராது.

மலைநாட்டில் தலவாக்கலை டவுனுக்கு மேலே, ரோடு ஏறி முடிகிற இடத்தில் எங்கள் தோட்டம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவர் ஆபீசில் பெரிய கிளாக்கர். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "லீவு கெடைக்கல" என்பார். அதை அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னாரா என்பது எனக்கு நிச்சயமில்லை.

பெரிய கிளாக்கர் வேலை ஒரு விசித்திரமான உயரம். தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவுக்குள் அவர் போய் உட்கார முடியாது. வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள், லயத்து ஆட்கள், அவர் வீட்டுக்குள் வந்து உட்கார முடியாது. தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். வாத்தியார் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யாததால் நான் வாசற்படியிலேயே நின்றேன். தேயிலை ஃபேக்டரியைப் பார்க்கும் டீமேக்கரோடு ஐயாவுக்கு ஒரு வாழைக்குலை விஷயமாகப் பேச்சு இல்லை. அவர் வீட்டில் நாலு நாற்காலி இருந்தது. மூன்றின் மேல் பழைய பேப்பர்க் கட்டுகள். மாலையில் ஆபீசைப் பூட்டினால், மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்வரை அவர் வாய் திறப்பதற்குக் காரணமே இல்லை.

ஆகவே தினமும் தன் பழைய ஆஸ்டினை எடுத்துக்கொண்டு தலவாக்கலைக்கு இறங்குவார். பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்புவார். காலை ரயிலிலேயே வந்துவிட்ட பேப்பர். அதில் உள்ள செய்தியெல்லாம் தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் இறக்கத்தில் கார் கிறீச்சென்று கத்தியது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கைப் பாஸ் என்போம். சிங்களவர்; தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார். வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்திருந்த காலம். ஆனாலும் எப்படியோ இரண்டு ஜாதி லைனிங்கைத் தேடிப் பிடித்து ஐயா முன்னால் வைத்தார். பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மோடு உரசிக் காரை நிறுத்துவது இந்த லைனிங்தான்.

"இது மெத்து. மிதிச்ச ஒடனே புடிக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சிரும். இது கெட்டி. வருசக்கணக்கா கெடக்கும், ஆனா பலமா மிதிக்கணும், சூடேறுனா கத்தும். ஐயா தெனம் எறங்குறது இந்த ரோடு. மெத்து போட்டுக்கிட்டுப் போங்க."

"அது எப்புடி பாஸ் அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"வேணும்னா காரு நெறைய ஆள ஏத்திக்கிட்டு எறங்கிப் பாருங்க. வெறுங்கார்ல ஒண்ணும் தெரியாது."

இந்தக் கடைசிப் பேச்சைப் பாஸ் பேசியிருக்கக் கூடாது.

மறுநாள் ஐயா பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. "மாஸ்டர், நீங்க எத்தன ராத்தல் இருப்பீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பத்தாது" என்றார். பிறகு கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய், அங்கே நின்றவர்களை நிறுக்காமலே எடை போட்டு மூன்று பேரைப் பொறுக்கினார். அதில் முதலாவது ராக்கம்மா. கொழுந்தும் வாயும் ஒரே வேகத்தில் ஓடுகிற பெண். மற்ற இருவர் அவளுடைய புருஷனும் கொழுந்தனும்.

கொழுந்தன் முன்னால், மற்ற இருவரும் என்னோடு பின்னால்; மூவரும் கார் சீட்டின் ஓரத்தில், விழுந்துவிடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"சாஞ்சு உக்காருங்க. பாரம் பின்னால விழணும்," என்றார் ஐயா.

"ஐயா முன்னாடி எப்புடிங்க சாயிறது?"

"இது பிரேக் விசயம். மரியாதை பாத்தா கணக்கு தப்பாயிரும்."

சாய்ந்தார்கள். ஆபீஸ் ஜன்னலில் அவர்களை 'நீ' என்கிற அதே வாய் காரில் 'நீங்க' என்றது. அதைக் கேட்டு ராக்கம்மாவின் புருஷன் கலவரப்பட்டு, வளைவுகள் முடிகிறவரை மூச்சுவிடவில்லை.

முதல் வளைவில் ஐயா மிதித்தார். "எடது பக்கம் இழுக்குதா?"

"எனக்குத் தூக்கந்தாங்க இழுக்குது," என்றாள் ராக்கம்மா.

கார் சிரித்தது. ஐயா சிரித்து அன்றுதான் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

கீழே போனதும், டிரம் ஆற வேண்டும் என்றார். டிரம் ஆறும்வரை கடையில் உட்கார்ந்து எல்லோரும் பிளேன்டீ குடித்தோம். ராக்கம்மா லயத்துக் கதைகளைச் சொன்னாள். ஐயா அந்த ஊருக்கு அன்றுதான் வந்தவர் போல ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேப்பர் வாங்க மறந்துவிட்டார்.

அதன்பிறகு அந்த டிரம் ஆறுவதற்கு நாளுக்கு நாள் கூடுதல் நேரம் பிடித்தது.

மெத்து லைனிங்கில் ஒரு வாரம் இறங்கினோம். முடிவு தெரியவில்லை. கெட்டி லைனிங் போட்டு இறங்கினோம். அது கத்தியது, ஆனால் கத்துவதும் ஒரு குணம்தானே, மாட்டை வழிவிடச் சொல்லி ஹாரன் அடிக்க வேண்டாமே என்றார் ஐயா. திரும்ப மெத்து. "மழையில பாக்கல." மழையில் பார்த்தோம். "பனியில பாக்கல." பனியில் ரோடே தெரியவில்லை, பிரேக் மட்டும் எப்படித் தெரியும். டிரம்மில் கோடு விழுந்திருந்தது. அதைக் கடைசல் பிடித்தால் போதுமா, வேறு டிரம் தேட வேண்டுமா என்று ஒரு மாதம். பாஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பொண்ணு பாக்கப் போறவங்ககூட இத்தன வாட்டி பாக்க மாட்டாங்க," என்றாள் ராக்கம்மா.

"பொண்ணு பிடிக்கலன்னா காரு கவுராதே," என்றார் ஐயா.

விஷயம் தொரை காதுக்கு எட்டியது. வெள்ளைக்காரர். தோட்டத்துத் தமிழ் பேசுவார். ஐயாவை ஆபீசில் நிறுத்தி, "கிளாக்கர், லயத்து ஆள் உன் கார்ல சாஞ்சு போறான். இது என்ன வழக்கம்?" என்று கேட்டார்.

"ஆளுங்க இல்லைங்க சார். பாரம்."

"பாரம் வேணும், உர மூட்டை போடு. ஆள் போட்டா, கார் தோட்டத்துக்குள்ள வராது."

அன்று மாலை ஐயா உர மூட்டைகளை ஏற்றினார். பின்னால் மூன்று, முன்னால் ஒன்று. பள்ளிக்கூடத்து ஜன்னலில் இருந்து பார்த்தேன். மூட்டைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, கார் பனிக்குள் இறங்கிப் போனது. ஒரு வாரம் அப்படியே போனது. டிரம் ஆறுவதற்கு இப்போது நேரமே பிடிக்கவில்லை. போன வேகத்தில் திரும்பிவிடுவார். "எப்படி இருக்குங்க?" என்று வாசலில் வைத்துக் கேட்டேன்.

"மூட்டைங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது மாஸ்டர்," என்றார்.

அடுத்து நடந்தது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வளைவில் அவர் பிரேக்கை மிதித்ததும் முன் சீட்டு மூட்டை அவர் மடியில் சாய்ந்து வெடித்தது. கார் மெதுவாகப் போய், ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. உரத்தூள் படிந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஐயா உள்ளே உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றுமில்லை. ஆனால் இறங்கவும் இல்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கூட்டம் சுற்றி நின்றது. பின்னாலேயே தொரையின் ஜீப்பும் வந்து நின்றது.

ராக்கம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"தொரை, நாங்க பாரமா இருந்திருந்தா இந்நேரம் எறங்கித் தள்ளியிருப்போம். மூட்டை தள்ளுங்களா?"

தொரை மூட்டைகளைப் பார்த்தார். வெள்ளையாகிப்போன கிளாக்கரைப் பார்த்தார். "சரி," என்றார். "தள்ளுற பாரம் ஏத்து."

காரைத் தள்ளி வெளியே எடுத்தோம். பாஸ் டிரம்மைக் கடைந்து, மெத்து லைனிங்கைப் போட்டு, தானே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். "இனி ஒரு குத்தமும் சொல்ல முடியாதுங்க ஐயா." உண்மைதான். கால் வைத்தால் கார் நின்றது. சத்தமில்லை, இழுப்பில்லை. வாசலுக்கு வந்து, "பிரேக் நல்லா புடிக்குது மாஸ்டர்," என்று ஐயா சொன்னபோது, யாரோ தவறிப்போன சேதியைக் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

தொரை அனுமதி கொடுத்துவிட்டார். ஏற்றிக்கொண்டு போகத்தான் காரணம் இல்லை. காரணமில்லாமல் வாருங்கள் என்று கூப்பிட அவருக்குத் தெரியாது. அடுத்த சில நாட்கள் கார் வெறுமனே இறங்கி, பேப்பரோடு ஏறியது.

தீபாவளிக்கு மறுநாள் மாலை, ஐயா சாவியோடு வெளியே வந்தபோது, காருக்குள் ராக்கம்மாவும் புருஷனும் கொழுந்தனும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு நானும்.

"பிரேக் சரியாயிருச்சே," என்றார் ஐயா.

"பாஸ் சொன்னா ஆச்சுங்களா? எங்களுக்கு நம்பிக்கை இல்லைங்க. பாத்துருவோம்."

பார்த்தோம். முதல் வளைவில் கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஐயா திரும்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரியாப் புடிக்கல," என்றாள் ராக்கம்மா.

"புடிக்கல," என்றான் அவள் புருஷன். அந்தக் காரில் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"கொஞ்சம் எடது பக்கம் இழுக்குதுங்க," என்றேன் நான்.

அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு போகும்வரை அந்த பிரேக் சரியாகவில்லை.

பின்னாளில் பாஸ் என்னிடம் ஒன்று சொன்னார். கார் முதல் தடவை கத்தியபோது டிரம்மில் தூசிதான் இருந்ததாம். ஊதிவிட்டு, லைனிங் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது என்று தான் சொல்லியும், "வேற இருந்தா காட்டுங்க" என்று ஐயாதான் கேட்டாராம். பாஸ் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள். பக்கத்தில் வேறு சாட்சி இல்லை. கார் யார் கைக்குப் போனது என்றும் தெரியவில்லை. பின் சீட்டில் இடது ஓரம் என்னுடைய இடம், அது உறுதி. கத்தியது தூசியா லைனிங்கா என்பது இன்னும் உறுதியாகவில்லை.