முந்நூறாவது பெயர்

"முந்நூறுல ஒண்ணு குறையுதுன்னு ஸ்வீடன்லேருந்து மெயில் வந்திருக்கு," என்றார் மேலதிகாரி ஹரிகிருஷ்ணன். "சதுரங்கப்பட்டினத்துல ஒரு அம்மா மறுத்துட்டாங்களாமே?"

கலையரசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செங்கல்பட்டு ஆய்வு மையமும் ஸ்வீடன் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து நடத்தும் சர்க்கரை நோய் ஆய்வில் அவன் களப்பணியாளன். முந்நூறு பேர் சேர்ந்தால்தான் அடுத்த மூன்று வருடமும் அவனுக்கு வேலை.

'வேண்டா' என்று அவனே எழுதியிருந்த படிவத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"சார், வேண்டான்றது அந்தம்மா பேரு. எங்க அத்த பேருகூட வேண்டாதான். மறுத்திருந்தா வாணாம்னு சொல்லியிருக்கும். அங்க எவனோ தப்பா மொழிபெயர்த்துகினு கீறான்."

"அப்ப அந்தம்மா கையாலயே எழுதி வாங்கி அனுப்பு."

கணவரின் வேலைக்காக நாகர்கோவிலிலிருந்து குடிவந்திருந்த அந்த அம்மாள், கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தார்.

"ரத்தப் பரிசோதனைக்கு அன்னிக்கு நீங்க சொன்னத நான்தாம்மா எழுதினேன். அத நம்ப மாட்றாங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

"இவ்வளவுதானா மக்கா?" பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: வேண்டா.

இரண்டே நாளில் பதில் வந்தது. மறுப்பு இப்போது எழுத்துப்பூர்வமாகவே உறுதியாகிவிட்டதாம்.

கலையரசன் விடவில்லை. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் இந்தப் பக்கத்தில் 'வேண்டா' என்று பெயர் வைப்பார்கள் என்பதை இரண்டு பக்கத்துக்கு விளக்கினான். அலுவலகத்து ஜெஸ்ஸி அதை ஆங்கிலத்தில் உருக்கமாகவே எழுதிவிட்டாள்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று அடுத்த வாரம் ஹரிகிருஷ்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஸ்வீடன் பேராசிரியை அதப் படிச்சு அழுதுட்டாங்களாம். நேர்லயே வர்றாங்க."

வந்தார். கையில் காஞ்சிபுரம் பட்டு. அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க நெடுநேரம் பேசினார்.

"உங்கள வேண்டாம்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லையாம்," என்று மொழிபெயர்த்தாள் ஜெஸ்ஸி. "இந்த உலகத்துக்கே நீங்க வேணுமாம்."

அந்த அம்மாள் புடவையையும் பேராசிரியையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எதுக்கு மக்கா?"

"உங்க பேருக்காகத்தாம்மா," என்றான் கலையரசன்.

"எனக்க பேரு ரெபேக்காள்லா? ரத்தப் பரிசோதனைக்குப் பேர எழுதிக்கட்டான்னு நீ கேட்டே, வேண்டாண்ணேன். பெறவு எழுதியும் தந்தேன். ஸ்வீடனுக்கு மனசிலாச்சு, செங்கல்பட்டுக்கு மனசிலாவல்லியே."