தராசு அண்ணை நிறுத்த பவர் சப்ளை

யாழ்ப்பாணத்தில் கணினி திருத்துகிறவர்கள் நூறு பேர் இருக்கலாம். கணினிச் சாமானை நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் ஒருவர்தான். நல்லூரில் ஒரு ஒழுங்கைக்குள் கடை வைத்திருக்கும் தராசு அண்ணை. தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் அவரே சற்று யோசித்துத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

அவருடைய மேசையில் மரக்கறிக் கடையில் இருப்பதைப் போன்ற ஒரு தராசு இருக்கும். கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்குப் பவர் சப்ளை என்று பெயர். அதை யார் கொண்டுவந்தாலும், என்ன கொம்பனி, எத்தனை வாட்ஸ் என்றெல்லாம் பார்க்கமாட்டார். முதலில் தராசில் ஏற்றுவார்.

"நல்ல சாமான் எண்டால் உள்ளுக்கை செம்பும் இரும்பும் இருக்கோணும். ஸ்டிக்கருக்குப் பாரமில்லை" என்பார்.

ஒருநாள் சந்தையால் வந்த அம்மா ஒருவர் தராசைக் கண்டுவிட்டு உள்ளே வந்து, கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பையை மேசையில் வைத்தார். "தம்பி, இதை ஒருக்கா நிறு. ரெண்டு கிலோ எண்டு தந்தவன்." தராசு அண்ணை கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, பவர் சப்ளைக்குக் காட்டுகிற அதே மரியாதையோடு மாம்பழத்தை நிறுத்தார். "இருநூறு கிராம் குறையுது. போய்க் கேளுங்கோ" என்றார். முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது.

கலியாண வீடியோ எடுக்கிற ஒருவர், கணினி இழுபடுகிறது, படங்களை வேகமாக ஓட்டுகிற பெரிய கிராபிக்ஸ் கார்ட் வேண்டும் என்று வந்தபோதும் நான் அங்கே நின்றேன். அண்ணை அவருடைய பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சாண் செம்மண் புழுதி. "உங்கடை காணியிலை பாதி இதுக்குள்ளைதான் கிடக்கு" என்று சொல்லி, ஒரு மணித்தியாலம் ஊதித் துடைத்துப் பூட்டிக் கொடுத்தார். "இனி ஓடும். கார்ட் வேண்டாம்."

"நான் வாங்கத்தானே வந்தனான்?"

"நான் விக்கத்தான் இருக்கிறன். ஆனால் உங்களுக்கு விக்கிறதுக்கு இப்ப ஒண்டும் இல்லை."

இப்படி வியாபாரம் செய்கிற மனிதர் எப்படிக் கடையைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது கொக்குவிலில் இருக்கிற எனக்கு மட்டுமல்ல, நல்லூர் முழுவதற்கும் விளங்காத சங்கதி.

நான் கட்டப்போகிற வீடுகளுக்குப் படம் கீறுகிறவள். அலுவலக வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கிய காலம். என்னிடம் இருந்தது மலிவான பழைய மேசைக் கணினி ஒன்று. சாவகச்சேரியில் ஒரு அம்மாவுக்குப் பிள்ளைகள் வீடு கட்டிக் கொடுக்க இருந்தார்கள். ஒரு மகள் கனடாவில், ஒரு மகன் லண்டனில், மற்ற மகன் நோர்வேயில். மூவரும் சனிக்கிழமை பின்னேரம் இணையத்தில் ஒன்றுகூடி, வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போலப் படத்தைத் திரையில் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பிடிக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்பதையும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கணினி தனியாக அதை இழுக்காது. ஆகவே பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கி, இணையத்தில் வீடியோ பார்த்து நானே பூட்டினேன். கார்ட்டுக்குத் தனி வயர் வேண்டும், என் பவர் சப்ளையில் அது இல்லை. இரண்டு வயர்களை ஒன்றாக்கும் ஒரு இணைப்பை வாங்கிச் சமாளித்தேன். வேலை செய்தது. விறாந்தை, சாமியறை, கூடம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. அடுப்பு இருக்கிற குசினிக்குள் காலை வைத்ததும் திரை இருண்டு கணினி நின்றது. பத்துத் தரம் முயன்றேன். பத்துத் தரமும் குசினி வாசலில் மரணம்.

வியாழக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசு அண்ணையிடம் ஓடினேன். அவர் பவர் சப்ளையைக் கழற்றித் தராசில் வைத்தார். நெடுநேரம் இலக்கத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, இதிலை நானூற்றைம்பது வாட்ஸ் எண்டு எழுதியிருக்கு. ஒரு பப்பாப்பழத்தின்ரை பாரமும் இல்லை."

"குசினிக்குள்ளை போனால் மட்டும்தான் அண்ணை நிக்குது."

"குசினிக்குள்ளை கண்ணாடி, சில்வர் பாத்திரம், லைற் எல்லாம் போட்டிருப்பாய். கார்ட் மூச்சுவாங்கிக்கொண்டு கரண்ட் கேக்குது. இது எங்கை குடுக்கிறது?" பிறகு நான் பூட்டிய இணைப்பைக் கையில் எடுத்தார். அது கறுத்து உருகத் தொடங்கியிருந்தது. "இன்னும் ரெண்டு தரம் குசினிக்குப் போயிருந்தால் உண்மையா நெருப்பு எரிஞ்சிருக்கும்."

நல்ல பாரமான பவர் சப்ளை ஒன்றை எடுத்தார். அது என் பெட்டிக்குள் இரண்டு விரல் நீளம் கூடிப்போயிற்று. என் முகம் போன போக்கைப் பார்த்தவர் இரும்பு அறுக்கிற வாளை எடுத்து, சீடி போடுகிற தட்டின் தகரத்தை அறுக்கத் தொடங்கினார். "சீடி ஆர் பிள்ளை இனிப் பாக்கப் போறது?"

பூட்டியாயிற்று என்று நான் பெட்டியைத் தூக்கப் போனேன். அண்ணை லேசில் விடவில்லை. வீட்டுப் பிளக்கைப் பார்க்க வேண்டுமாம். அடுத்த நாள் சைக்கிளில் வந்து இறங்கினார். தண்ணீர் மோட்டர், ஃப்ரிட்ஜ், கணினி மூன்றும் ஒரே நீட்டு வயரில் தொங்குவதைக் கண்டார்.

"இதென்ன, கொம்பியூட்டரோ கலியாணப் பந்தலோ?"

என் மேசையைத் தானே இழுத்து, தனிப் பிளக் இருந்த மற்றச் சுவரோடு போட்டுவிட்டு, "நாளைக்கும் வாறன். பாரம் ஏறேக்கை நான் பக்கத்திலை நிக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தார். கமராவில் விழாத மாதிரி ஒரு முக்காலியில் அமர்ந்து, கணினியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அங்கே வருகிற காற்றின் சூட்டை வைத்தே அவருக்கு எல்லாம் தெரியுமாம். சாவகச்சேரி அம்மாவும் மூன்று நாட்டுப் பிள்ளைகளும் திரையில் வந்தார்கள். விறாந்தை போயிற்று, கூடம் போயிற்று. குசினி வாசலில் மவுசை நிறுத்தினேன். அண்ணையைப் பார்த்தேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். உள்ளே போனேன். கண்ணாடி மின்னியது, பாத்திரம் மின்னியது, திரை அசையவில்லை. கண்களில் நீர் முட்டிவிட்டது எனக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் முக்காலியிலிருந்து குரல் வந்தது.

"குசினிக்கு ஒரு பிளக் தானோ வைச்சிருக்கிறாய்?"

"அண்ணை..." என்று பல்லைக் கடித்தேன்.

"ஃப்ரிட்ஜ் எங்கை கொழுவுறது? கிரைண்டர்? சோறு வைக்கிற குக்கர்? அந்த அம்மா நீட்டு வயர்தானே இழுக்கப் போறா?"

கனடா மகள், "ஆர் அவர்?" என்றாள். நான், "எங்கடை தொழில்நுட்ப ஆலோசகர்" என்றேன். அந்தப் பதவியைக் கேட்டு அண்ணையே திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரும் வந்துவிட்டார்களோ என்று.

பிள்ளைகள் மூவரும் சிரித்தார்கள். சாவகச்சேரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவர் சொல்லுறது சரி பிள்ளை. இப்பவும் எனக்கு உந்தக் கரைச்சல்தான். அவரைக் கேட்டு வடிவாப் போடு" என்றார். குசினிக்கு ஆறு பிளக் வைத்தோம். வேலை எனக்குக் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளின் சிநேகிதர்களுடைய வீடுகளும் பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

மாரி தொடங்கினால் தராசு அண்ணைக்கு இன்னொரு வேலை உண்டு. இடி கேட்டதும் தன்னிடம் சாமான் வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் எடுப்பார். "வயரைக் கழட்டினியோ?" இல்லை என்றால் கால் மணித்தியாலம் நல்ல ஏச்சு விழும். கழற்றியாயிற்று என்றால் "சரி" என்று உடனே வைத்துவிடுவார்.

போன கிழமை பின்னேரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடிக்கு முன்பே நான் எல்லா வயரையும் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். இடி முழங்கியது, போன் அடித்தது.

"பிள்ளை, கழட்டினியோ?"

"இல்லை அண்ணை, மறந்துபோனன்" என்றேன்.