எறும்பை நிப்பாட்டுங்க சேர்

சில பேருக்கு அனுபவம் முதலில் வரும், எழுத்து பிறகு வரும். எனக்கு எல்லாமே தலைகீழ். வகுப்பறைக்குள் ஒழுங்காகக் கால் வைப்பதற்கு முன்பே, நவீன பாடசாலையில் தொழில்நுட்பமும் புத்தாக்கமும் என்ற தலைப்பில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதி முடித்திருந்தேன். ஆசிரியர் கல்லூரியில் எல்லோருக்கும் கொடுத்த ஒப்படைதான் அது. மற்றவர்கள் நாலு பக்கத்தோடு எழுந்து சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் உலகத்தைத் திருத்தும் வரை எழும்புவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

‘வெண்கட்டியின் காலம் முடிந்துவிட்டது’ என்பது அதன் முதல் வரி. (வெண்கட்டிக்கு இது தெரியாது. இன்றைக்கும் என் சட்டைப் பையில் இரண்டு கிடக்கின்றன.) ‘கரும்பலகையை நம்பியிருக்கும் ஆசிரியர் காலத்தால் கைவிடப்படுவார்’ என்று ஒரு சாபமும் உள்ளே இருந்தது. எங்கள் விரிவுரையாளர் மெடம் வாசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தா.

“நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. உங்கட கடைசிப் பாடத்தைப் பார்க்க நான்தான் வருவன். இதில உள்ளதை எல்லாம் அங்க செய்து காட்டுங்க.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் எழுதிக் கெட்டேன்.

கடைசிப் பாடம் என்றால் கற்பித்தல் பயிற்சியின் முடிவில் மேற்பார்வையாளர் பின்வரிசையில் இருந்து புள்ளி போடும் பாடம். அதில் கோட்டை விட்டால் பயிற்சியைத் திரும்பவும் செய்ய வேண்டும், நியமனமும் தள்ளிப் போகும். நாவற்குடாவில் எங்கள் வீதியில் பால்காரர் வரைக்கும் “நம்மட மகன் வாத்தியாராகிட்டான்” என்று அம்மா சொல்லி முடித்திருந்தா. ஆகவே மகன் வாத்தியாராவதைத் தவிர வேறு வழி இல்லை.

எனக்குக் கிடைத்தது வாவிக்கரையோரம் ஒரு சிறிய பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு. பாடம், புலன் உறுப்புகளில் தோல். இறகு தொடுவது, பனிக்கட்டி வைப்பது, எறும்பு ஊர்வது என்று அசையும் படங்களாகச் செய்து, கல்யாண வீடியோ எடுக்கும் கூட்டாளியிடம் மல்டிமீடியாவையும் இரவல் வாங்கிவிட்டேன். (புரொஜெக்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) பாடத்துக்கு முதல்நாள் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. எங்கள் வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தான். அதற்கு மேலே கூரை வரைக்கும் திறந்த வெளி. வாவியில் பட்டுத் தெறிக்கிற வெயில் முழுக்க உள்ளேதான் வரும். சுவரில் என் எறும்பும் இல்லை, இறகும் இல்லை. கட்டுரையில் எத்தனையோ சவால்களைப் பட்டியலிட்ட எனக்குச் சூரியன் ஞாபகம் வரவில்லை.

இருட்டு வேண்டும். அதுவும் உடனே வேண்டும். நேரே பாலம் தாண்டிப் படுவான்கரைக்கு, மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமா வெள்ளாமைக்காரர். நெல் காயப்போடும் பெரிய கறுப்புத் தார்ப்பாய்கள், எங்கள் பேச்சில் படங்குகள், அவரிடம் உண்டு. அறுவடை முடிந்த கிழமை அது. படங்குகள் அப்போதுதான் வயல்வட்டையிலிருந்து வீட்டுக்கு வந்து மூலையில் கிடந்தன.

“மனே, கொஞ்சம் பொறு. கழுவித் தரட்டா?” என்றார் மாமா.

“நேரமில்ல மாமா. எனக்கு இருட்டுத்தான் வேணும், வடிவு தேவல்ல.”

“அப்ப உதறியாவது...”

நான் அதற்குள் சுருட்டி மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டேன். நெல் காய்ந்த படங்கில் முள்ளுத்தூள் மாதிரிச் சுணை இருக்கும் என்பதும், அது உடம்பில் பட்டால் என்னாகும் என்பதும் எனக்குத் தெரியாத சங்கதியா? சின்ன வயதில் அந்தக் களத்தில் புரண்டு, உடம்பெல்லாம் அரித்து, கடி தாங்காமல் குளத்தில் போய் விழுந்தவன் நான். ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் தொழில்நுட்பம் தவிர வேறெதற்கும் இடமிருக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கழுத்து கடித்தது. பரீட்சைப் பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை படங்குகளைக் கூரை மரத்தில் கட்டி, சுற்றிவர மூடியாயிற்று. வகுப்பு சினிமாக் கொட்டகை மாதிரி இருண்டது, கூடவே அவியவும் தொடங்கியது. மின்விசிறியை முழு வேகத்தில் முறுக்கிவிட்டேன். (இந்தக் கதையில் நான் செய்த புத்தாக்கம் என்றால் இதுதான்.) மெடம் வந்து, படங்கை ஒட்டிப் பின்வரிசையில் அமர்ந்தா.

ஆரம்பம் அற்புதம். சுவரில் இறகு மிதந்ததும் பிள்ளைகள் வாய்பிளந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, அடுத்த படத்தைத் தட்டினேன்.

“இப்ப உங்கட கையில ஓர் எறும்பு ஊருது எண்டு நினைச்சுக்கொள்ளுங்க.”

முன்வரிசையில் இருந்த சர்மி என்ற பிள்ளை கையைச் சொறிந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துப் பிள்ளையும் சொறிந்தாள். பிறகு ஒரு வரிசை, பிறகு வகுப்பு முழுக்க. கற்பனையைத் தூண்டும் கற்பித்தல் என்று கட்டுரையில் எழுதியிருந்தேனே, அது என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

“எங்க ஊருது, சொல்லுங்க பார்ப்பம்?”

“கழுத்தில சேர்.”

“முதுகில சேர், நிறைய ஊருது.”

மெடத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவவும் கோடு போடும் அடிமட்டத்தால் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தா. விரிவுரையாளரையே உணர வைத்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. பனிக்கட்டிப் படத்துக்கு மாற்றினேன். சொறிவது நிற்கவில்லை. அப்போதுதான் சர்மி அழாக்குறையாக எழுந்து நின்றாள்.

“சேர், எறும்பை நிப்பாட்டுங்க. அது மெஷினுக்கால வெளிய வந்திட்டு.”

அந்தப் பிள்ளைகள் மீன்பிடி வீட்டுப் பிள்ளைகள். நெற்சுணையைக் கண்டவர்கள் இல்லை. புதுத் தொழில்நுட்பத்தில் இப்படியும் ஒன்று இருக்கும் போல என்று பாவம் அதுவரை பொறுத்திருக்கிறார்கள். என் முதுகும் எரிந்தது. மின்விசிறிக் காற்றில், மல்டிமீடியாவின் வெளிச்சத்தில், பொன்தூளாகச் சுணை பறப்பதை அப்போதுதான் கண்டேன்.

வாயைத் திறப்பதற்குள் வாவிக் காற்று ஒரு வீச்சு வீசியது. பின்பக்கப் படங்கு அறுந்து, மெடத்தின் மேல் முழுதாக விழுந்தது.

வெயில் உள்ளே பாய்ந்தது. சுவரில் இருந்த பனிக்கட்டி மறைந்தது. நானும் ஒரு பையனுமாகப் படங்கைத் தூக்கினோம். கொண்டையில் நெல்மணிகளோடு மெடம் வெளியே வந்தா. அம்மா பால்காரரிடம் என்ன சொல்லப் போகிறா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான் தொலைந்தேன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

“இது யார்ட படங்கு?”

“மாமாட, மெடம். நெல் காயப்போட்டது.”

“கழுவல்லையா?”

“இல்ல மெடம்.”

அவ கொண்டையிலிருந்து ஒரு நெல்லை எடுத்துப் பார்த்தா. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தா. “எல்லாரும் குழாயடிக்குப் போய் கைகால் கழுவுங்க. பாடம் இன்னும் முடியல்ல, தம்பி.”

அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன். அந்த இடத்திலேயே புள்ளித்தாளை மூடிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கழுத்தைச் சொறிந்தபடி எங்களோடு வேப்பமர நிழலுக்கு வந்தா.

மரத்தடியில் என்னிடம் படமும் இல்லை, பலகையும் இல்லை. தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. “சரி, எங்க கூடுதலாக் கடிக்குது?” என்று கேட்டேன்.

கழுத்து, முழங்கை மடிப்பு என்று சத்தம் எழுந்தது. சர்மி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சேர், உள்ளங்கையில ஒண்டும் கடிக்கல்ல. நீங்க உள்ளங்கையாலதானே படங்கைத் தூக்கினீங்க, உங்களுக்கு அங்க கடிக்குதா?”

பார்த்தேன். உள்ளங்கையில் கடி இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். தோல் தடிப்பு என்றான் ஒருவன். வலை இழுக்கிற அப்பாவின் கையில் முள்ளே ஏறாது என்றான் இன்னொருவன். கழுத்துத் தோலைக் கிள்ளி, உள்ளங்கைத் தோலைக் கிள்ளி, தாங்களாகவே வித்தியாசம் கண்டுபிடித்தார்கள். நான் கடைசிப் படத்தில் எழுதி வைத்திருந்த அத்தனையும் அவர்கள் வாயால் வந்தது. மணி அடித்தபோது யாரும் எழும்பவில்லை. எனக்குக் கண் கலங்கியது. (சுணை கண்ணிலும் பட்டிருக்கலாம்.)

மல்டிமீடியாவில் ஒரு குற்றமும் இல்லை. அது தன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தது. இறகைப் பார்த்துப் பிள்ளைகள் வாய்பிளந்ததும் பொய்யில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே அவர்கள் ஏன் சொறிகிறார்கள் என்று கேட்காத ஆள் நான்தான். போகும்போது மெடம் சொன்னா: “தொழில்நுட்பம் நல்லது தம்பி. அடுத்தமுறை கழுவிப்போட்டுக் கொண்டு வாங்க.”

பாஸாகிவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் அமைதியாக உள்ளே வந்ததில்லை. போன் வாங்கினாலும், மடிக்கணினி வாங்கினாலும், “கழுவினதா?” என்று அம்மா கேட்பா. என் கல்யாணப் பேச்சில் பெண்வீட்டாருக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் சம்பந்தம் முடிவாயிற்று என்று மாமா சாதிக்கிறார்.

நியமனம் கிடைத்து நான் முதல்நாள் பள்ளிக்கூடம் புறப்பட்ட காலை, மாமா வாசலில் வந்து இறங்கினார். சைக்கிள் கரியரில் அதே கறுப்புப் படங்குகள், மடித்து, சவர்க்கார வாசத்தோடு. இந்த முறை நெல்லுக்கு வேறு வாங்கிவிட்டாராம்.

“இது இனி உண்ட வகுப்புக்கு, மனே. ரெண்டு தரம் துவைச்சு, மூணு நாள் வெயில்ல போட்டது. அந்த மெடம் வந்தாச் சொல்லு, கழுவினது எண்டு.”