விலங்கே இல்லாத காடு

நாகரிகம் அடைந்த நாடுகள் காட்டைச் சும்மா விட்டுவைப்பதில்லை, கமிட்டி போடுகின்றன. அந்தத் தீவும் நாகரிகம் அடைந்ததுதான். எந்தத் தேசியப் பூங்காவில் சஃபாரி நடத்தினால் விருந்தினர் மனம் குளிரும் என்று முடிவு செய்ய, காட்டுப்பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களாகப் பொறுக்கியெடுத்து ஒரு 'வல்லுநர் குழு' அமைத்தார்கள். காட்டைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தால் நடுநிலை கெட்டுவிடும் அல்லவா?

குழுவுக்குத் தலைவர் சுற்றுலா இயக்குநர். அடுத்தவர் ஓட்டல் முதலாளி, இயக்குநரின் மச்சான். இருவரும் கண்ணியவான்கள். மதியச் சாப்பாடு முடியும்வரை ஒருவரையொருவர் 'சார்' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். மூன்றாமவர் ஜீப் சங்கத் தலைவர். நடுநிலையைக் கெடுக்கும் ஆள் ஒருத்திதான்: விலங்கியல் படித்த இளம் அரசாங்க ஆய்வாளர். அவள் குரல் யாரையும் தொந்தரவு செய்யாதபடி, இரைகிற ஏ.சி.க்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள்.

போட்டியில் இரண்டு பூங்காக்கள். தெற்கே ஜீப் ஓடி ஓடித் தேய்ந்த பெருங்காடு. வடக்கே ஏரிக்காடு. யானைகள் குட்டிகளோடு தண்ணீருக்கு வரும் இடம் அது. ஜீப் கூட்டம் நுழைந்தால் அவை கரைக்கே வராது. ஏரிக்காட்டின் பெயர் மட்டும் இவர்கள் வாயில் வரக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

குழு முதலில் தெற்கே போனது. வழியில் சில ஜீப்புகள் நின்றிருந்தன. ஒரு ஜீப் நின்றால் எல்லா ஜீப்பும் நிற்பது அங்கே தொழில் தர்மம்.

"என்னண்ணே, சிறுத்தையா?" என்று சங்கத் தலைவர் முன்வண்டி ஓட்டுநரிடம் கேட்டார்.

"தெரியலண்ணே. முன்னாடி நிக்கறான், நானும் நின்னுட்டேன்."

"அப்ப சிறுத்தைதான்."

சற்று நேரத்தில் பாதையே அடைத்துக்கொண்டது. அத்தனை கைபேசிகளும் ஒரே புதரைக் குறிபார்த்தன. ஓட்டல் முதலாளிக்கு வால் தெரிந்தது. இயக்குநர் விட்டுக்கொடுக்காமல் காதையும் பார்த்தார். கடைசியில் புதருக்குப் பின்னாலிருந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டே முதல் ஜீப்பின் ஓட்டுநர் வெளியே வந்தார். கூட்டத்தைக் கண்டதும் பதறிப்போய், "என்னண்ணே, சிறுத்தையா?" என்று கேட்டுவிட்டு, அவரும் புதரைப் படம் எடுத்தார்.

'விருந்தினர் திருப்தி பரிபூரணம்' என்று இயக்குநர் அறிவித்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏரிக்காடு. கரையில் ஜீப் நின்ற உடனே மூன்று வல்லுநர்களும் 'கள ஆய்வில்' ஆழ்ந்தார்கள். குறட்டை மட்டும் வெளியே கேட்டது. அப்போது யானைகள் வந்தன. ஒரு குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது. தாய் காலால் முட்டுக்கொடுத்து எழுப்பிவிட்டது. அவள் மூச்சுவிடவும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் எழுப்பவில்லை.

யானைகள் போனபின் இயக்குநர் கண்விழித்தார். "ஏதாவது வந்துச்சாம்மா?"

"ஒண்ணும் வரல சார்."

முதல் பொய்தான் கஷ்டமாக இருந்தது.

கீழே இறங்கிய ஓட்டல் முதலாளி எதையோ மிதித்துவிட்டார். "இது என்ன?"

"மண்ணு சார்."

"சூடா இருக்கே?"

"வெயில் சார்."

"நம்ம பசங்க ஒருத்தன்கூட வண்டிய இங்க நிறுத்தலயே" என்றார் சங்கத் தலைவர். "ஜீப் இல்லாத எடத்துல விலங்கு எப்படி இருக்கும்?"

அவள் அந்த வாதத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். "விலங்கே இல்ல சார். பேருக்குத்தான் காடு."

மறுநாள் கூட்டத்தில் தெற்குக் காடு ஏகமனதாகத் தேர்வானது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கமிட்டியை ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சியில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அடுத்து ஏரிக்காடு" என்றார் இயக்குநர். "விலங்கே இல்லாத காட்ட விலங்குக்குன்னு பூட்டி வைக்கிறது நியாயமா?"

"ஏரி நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றார் ஓட்டல் முதலாளி. சாப்பாடு முடிந்திருந்தது.

அவள் எழுந்தேவிட்டாள். "சார், அங்க யானை இருக்கு."

"நேத்து இல்லன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன் சார்."

இயக்குநர் தகப்பனைப்போலச் சிரித்தார். "அரசாங்க அதிகாரி பொய் சொல்லமாட்டாங்கம்மா. அலைஞ்சு அலைஞ்சு களைச்சுப்போயிட்டீங்க. உக்காருங்க."

ஓட்டல் எழும்பியது. சுற்றிலும் மின்வேலி போட்டார்கள். கண் கூச வெள்ளையடித்தார்கள். திறப்பு விழாவில் அவளை மேடையேற்றி, கேடயம் கொடுத்து, இயக்குநர் முழங்கினார்: "இந்த மண் யாருக்கும் சொந்தமில்லாத வெறும் மண் என்று கண்டறிந்து சொன்ன விஞ்ஞானி இவர்! இவர் இல்லையேல் இந்த ஓட்டல் இல்லை!"

கைதட்டல் ஓய்ந்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குட்டியின் பிளிறல் கேட்டது.

"இங்க யானை இருக்கா?" என்று முன்வரிசையிலிருந்த விருந்தினர் ஒருவர் ஆவலோடு கேட்டார்.

தவறான தகவல் தந்துவிடக்கூடாது என்ற பொறுப்புணர்ச்சியோடு, மேடையிலிருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.