ஓடுதளத்தில் உளுந்து அடித்த கதை

விதிமுறை தெரிந்தவனை நம்பிக் காரில் ஏறலாம். வரலாறு தெரிந்தவனை நம்பியும் ஏறலாம். இரண்டும் தெரிந்தவன் ஓட்டும் காரில் மட்டும் ஏறவே கூடாது. அப்படி ஏறி மாட்டியவர் என் வருங்காலச் சம்பந்தி.

நான் நெய்வேலிச் சுரங்கத்தில் தீத்தடுப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பழுப்பு நிலக்கரி யாரும் தூண்டாமலே பற்றிக்கொள்ளும் (என்னைப் போல). 'சூடான வண்டியைக் காய்ந்த சருகின்மேல் நிறுத்தாதே' என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வகுப்பெடுத்தே தலை நரைத்தவன். ஓய்வுக்குப் பிறகு போர்க்கால விமானத் தளங்கள் மீது பித்துப் பிடித்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம், ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதைப் பார்க்க எங்கள் குடியிருப்பு பிளாக்கில் உள்ள அத்தனை பேரையும் கூட்டிப்போயிருக்கிறேன். இரண்டாவது முறை யாரும் வந்ததில்லை.

சுந்தரேசன் விமானப்படையில் இன்ஜின் பழுது பார்த்தவர், கோயம்புத்தூர்க்காரர். அவர் மகனுக்கும் என் மகள் வித்யாவுக்கும் பிடித்துவிட்டது, அம்மாக்களுக்கும் சம்மதம். அவர் மட்டும், "பொண்ணோட அப்பாகூட ஒருநாள் இருந்து பார்த்துட்டுச் சொல்றேனுங்க" என்று வந்து இறங்கினார். சிரிக்காத முகம்.

"அவரா கேக்காம ஏரோப்பிளேனப் பத்தி வாயத் திறக்காதீங்க. இது வித்யா வாழ்க்கை" என்று என் மனைவி கமலா எச்சரித்திருந்தாள்.

காபி டம்ளரைக் கீழே வைத்தவர், "ஏனுங்க, இந்தப் பக்கம் சண்டைக் காலத்து ஏர்ஃபீல்டு ஒண்ணு இருக்குதுங்களாமா?" என்றார். (கேட்டுவிட்டார்! அவரே கேட்டுவிட்டார்! கமலாவைத் திரும்பிப் பார்க்காமலே கார்ச் சாவியை எடுத்தேன்.)

ஓடுதளத்தின் பாதி அகலத்துக்கு உளுந்துச் செடி காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதி காலி. மெதுவாகப் போயிருக்கலாம். "போர் விமானம் எந்த எடத்துல மேல எழும்பும்னு காட்டறேன் பாருங்க" என்று வேகமெடுத்தேன். காற்றின் திசையை விளக்கக் கை ஸ்டியரிங்கை விட்டது; கார் உளுந்துக்குள் போனது.

நிறுத்தி இறங்கினேன். ஓர் அம்மா ஓடி வந்தார். மன்னிப்பு வாசகத்தை மனத்துக்குள் தயாரித்துக்கொண்டேன்.

"இன்னா சார், ஒரே தபா ஓட்டிட்டு எறங்கிகினீங்க?"

"அம்மா, தெரியாம..."

"தெரிஞ்சே ஓட்டுங்க! செடி மேல ஓட்டிக் காய ஒடைக்க டிராக்டர்காரன் காலையில இருந்து வரேன் வரேன்னுகினு கீறான். ஒங்க வண்டியில பாதி ஒடைஞ்சிருக்குது. மீதிய ஆரு ஒடைக்கறது?"

பக்கத்தில் நின்ற பெண், "அஞ்சலக்கா, பெரியவர வுட்டுடு, பாவம்" என்றாள்.

"நீ சும்மா இரு. சார் படிச்சவரு, பாதியில வுட மாட்டாரு."

சுந்தரேசன் இறங்கி, துண்டை ஒரு கையிலும் கைக்குட்டையை மறுகையிலும் பிடித்து, விமானத்துக்கு வழிகாட்டுவதுபோல் எனக்குச் சைகை காட்ட ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் போனேன், வந்தேன், போனேன். காய்கள் படபடவென வெடித்தன. அஞ்சலை கவைக் கம்பால் செடியைப் புரட்டிப் புரட்டிப் போட்டார்.

முடிந்ததும் குவியலின் நடுவிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கி, விட்ட இடத்தில் தொடர்ந்தேன். "போர்க்காலத்துல விமானங்கள ஒரே எடத்துல நிறுத்த மாட்டாங்க. தள்ளித் தள்ளி நிறுத்துவாங்க. ஏன்? ஒண்ணு பத்திக்கிட்டாலும் தீ பரவக் கூடாது. முன்யோசனை!"

"ரொம்பச் சரிங்க. உங்க விமானம் புகையுதுங்க."

சைலன்சரில் சிக்கிய செடி கருகிக்கொண்டிருந்தது. அடியில் குவியல். காரின் தீயணைப்பான்? காலாவதி ஆகுமுன் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி, கொடுத்திருந்தேன். "யாரும் பதற வேண்டாம்! முதலில் எல்லாரும் காற்று வரும் பக்கமாக..." என்று நான் சுத்தமான தமிழில் ஆணையிட்டுக்கொண்டிருந்தபோதே, சுந்தரேசன் காருக்குள் பாய்ந்து அதை வெற்றுத் தரைக்கு ஓட்டினார். அஞ்சலை தூக்குச்சட்டியோடு பின்னாலேயே ஓடி, மதியக் கூழைச் சைலன்சர்மேல் ஊற்றினார்.

"இன்னா மனுசன் நீ! உளுந்தயும் ஒடைச்சிட்டு, கூழயும் குடிச்சிட்டியே!"

திரும்பும் வழியெல்லாம் கார் கூழ் வாசனையோடு ஓடியது. வித்யாவிடம் என்ன சொல்வது என்பதற்கு என்னிடம் விதிமுறை இல்லை.

வீட்டில் கமலா சிரித்த முகத்தோடு தட்டை நீட்டினாள். சுடச்சுட உளுந்து வடை.

சுந்தரேசன் வடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கமலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வித்யா கதவோரம் நின்று விழித்தாள்.

"ஏனுங்கம்மா, நாள் பார்த்துருங்க. தப்பே பண்ணாத மனுசன்னு கேள்விப்பட்டுப் பயந்துபோய்த்தான் வந்தேனுங்க. இனிப் பயமில்லீங்க."

கல்யாணம் நடந்தது. அன்று முதல் சம்பந்தி வீட்டில் எனக்கு வடை வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் வைக்கிறார்கள். குடிக்க அல்ல, முன்யோசனையாம். என் பேத்தியோ வடை வேண்டுமென்றால் அடுப்படிக்குப் போவதில்லை. நேரே என்னிடம் வந்து, "தாத்தா, கார எடுங்க" என்கிறாள்.