ஏழு ரூபாய்த் தலை

சாய்குமார் அந்த எட்டு நாட்களில் எத்தனை முறை முடிவெட்டிக்கொண்டான் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பதினான்கு என்பான் அவன். பன்னிரண்டுதான் என்பாள் அவன் மனைவி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பதின்மூன்று என்று வைத்துக்கொள்கிறேன். அரசாங்கத்தின் எண்கள் பலவும் இப்படித்தான் பிறக்கின்றன என்று பின்னால் தெரிந்தது. ஆண்டு 2005 என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

முதல் முடிவெட்டு திருமங்கலத்தில். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஆண்டிச்சாமியின் சலூனில் வெள்ளிக்கிழமை காலை நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றான்.

“அண்ணே, முடிவெட்ட எம்புட்டு?”

“உக்காருங்க.”

“இல்லண்ணே, வெலைய மட்டும் சொல்லுங்க. எழுதிட்டுப் போறேன்.”

“வெலைய மட்டும் கேட்டுட்டுப் போறதுக்கு இதென்ன நகைக்கடையா? வெட்டணும்னா உக்காருங்க.”

சாய்குமார் விலை கேட்டு எழுதும் தற்காலிகப் பணியாளன். உலகத்தில் பல நாடுகளில் ஒரே மாதிரியான பொருட்களுக்கு என்ன விலை என்று அந்த ஆண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசி, சோப்பு எல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட, அவன் பங்குக்கு வந்தது ஆண்களுக்கான சாதாரண முடிவெட்டு. கண்காணிப்பாளர் சிவக்குமார் அவனுக்கு விளக்கியிருந்தார்.

“ஒரு டாலருக்கு நாப்பத்திநாலு ரூவான்னு பேங்க்ல சொல்லுவான். அத நம்பாத. அமெரிக்காவுல முடிவெட்ட பதினஞ்சு டாலர். இங்க எம்புட்டு? அத வச்சுத்தான் நம்ம ரூவாய்க்கு உண்மையில எம்புட்டுத் தெம்புன்னு கண்டுபிடிப்பாங்க. கேட்ட வெலை வேணாம், குடுத்த வெலை வேணும். நாட்டு மானமே ஒன் தலையில இருக்கு.”

நாட்டு மானத்தோடு சாய்குமாரின் கல்யாணமும் அதில்தான் இருந்தது. பெண்ணின் அப்பா பாலசுந்தரம் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் சௌராஷ்டிரத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: “டெம்பரவரி மாப்பிள்ளைக்குப் பெர்மனென்ட்டா பொண்ணு குடுக்க முடியாது.” மறு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்குள் வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் காட்ட வேண்டும். கடிதம் சிவக்குமாரின் மேசையில் இருந்தது. படிவத்தின் பத்துக் கட்டங்களும் நிரம்பினால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

எனவே ஆண்டிச்சாமியின் நாற்காலியில் உட்கார்ந்தான். இருபத்தைந்து ரூபாய். ரசீது கேட்டதற்கு ஆண்டிச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை கொட்டாம்பட்டி. அங்கே கருப்பு என்பவர் வெட்டினார்.

“எம்புட்டுண்ணே?”

“ஒங்களுக்குத் தோணுறதக் குடுங்க.”

“எனக்கு எதுவும் தோணக் கூடாதுண்ணே. நீங்கதான் சொல்லணும்.”

“ஊர்க்காரங்க அறுப்புக்கு அறுப்பு நெல்லு குடுப்பாங்க. நெல்லு வச்சிருக்கீகளா?”

ஞாயிற்றுக்கிழமை மதுரை பைபாஸ் சாலையில் ஏசி வைத்த சலூன். கேட்காமலே தலையைப் பிடித்துவிட்டு அறுபது ரூபாய் வாங்கினார்கள்.

திங்கள்கிழமை மாலை சிவக்குமார் படிவத்தைப் பார்த்தார்.

“இருவத்தஞ்சு, நெல்லு, அறுவது. என்னப்பா இது? கம்ப்யூட்டர் நெல்லத் திங்குமா?”

“உண்மை அதுதான் சார்.”

“உண்மைய யாருப்பா கேட்டா? வெலையக் கேக்குறாங்க. ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வரணும், இல்லன்னா டெல்லியிலருந்து திருப்பி அனுப்புவான். மூணையும் அடி. மொதல்லருந்து போ. பத்துக் கடை. வெட்டிக்கிட்டு, காசு குடுத்து, கையெழுத்து வாங்கிட்டு வா. இருவது நிமிசத்துக்குக் கொறையக் கூடாது, படிவத்துல போட்டிருக்கு.”

“வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போயி வெட்டவா சார்?”

“கூட்டிட்டுப் போ. அவனுக்குப் பஸ் காசு நீ குடு.”

“பத்துக் கடைக்கு என் தலையில முடி வேணுமே சார்.”

“அத வேலைக்கு வரும்போதே யோசிச்சிருக்கணும்.”

செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. சாய்குமார் வீட்டில் உட்கார்ந்து தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பத்மாசினி அவனுக்கு எண்ணெய் தேய்க்க வந்தாள், கை வழுக்கியது, எண்ணெய்க் கிண்ணத்தைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை கீழக்குயில்குடியில் தொடங்கினான். அழகுமலை என்பவர் இருந்த முடியை மேலோட்டமாக வெட்டி, “ஏழு ரூவா” என்றார். அடுத்த கடையிலும் ஏழு. மூன்றாவது கடையில் அவன் நோட்டைத் திறப்பதற்கு முன்பே “ஏழு ரூவாதான் தம்பி, பயப்படாம உக்காருங்க” என்றார்கள்.

விலை மட்டுமல்ல, குணமும் மாறியிருந்தது. மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் தாழ்ந்த குரலில், “அம்மா நேரத்துக்குச் சாப்பாடு போடுறாகளா?” என்று விசாரித்தார்.

“போடுறாங்கண்ணே.”

“நேரத்துக்குத் தூங்குங்க. எல்லாம் சரியாயிரும்.”

ஆறாவது கடையில்தான் சிக்கல். கடைக்காரர் சீப்பை வைத்துப் பார்த்தார். சீப்புக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“எதத் தம்பி வெட்டுறது?”

“வெட்டுற மாதிரி செய்யுங்கண்ணே. இருவது நிமிசம்.”

அவர் தலைக்கு ஓரங்குலம் மேலே காற்றில் இருபது நிமிடம் கத்தரியை ஓட்டினார். நடுவில் ஒருமுறை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சாய்குமார் கண்ணாடியில் பார்த்தான். முடி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பத்தாவது கட்டத்துக்கு மறுபடியும் கொட்டாம்பட்டி. நெல் கேட்ட அதே கருப்பு, “ஏழு ரூவா” என்று பளிச்சென்று சொன்னார். பிறகு தலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மேடும் பள்ளமுமா இருக்கு தம்பி. சமப்படுத்திரவா?”

சாய்குமாருக்கு எதிர்க்கத் தெம்பில்லை. கருப்பு மொட்டையே அடித்துவிட்டார். அதற்கும் ஏழுதான்.

சொந்தத் தலைக்கு மாதா மாதம் இருபத்தைந்து கொடுத்து வந்தவனுக்கு இந்த ஏழு உறுத்தத்தான் செய்தது. ஆனால் சொந்த அனுபவத்தை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

அன்று மாலை சிவக்குமார் ஏழு ஏழாகப் பத்து வரிகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“இருவது வருச சர்வீஸ்ல இம்புட்டு ஒத்துமையான வெலைய நான் பாத்ததில்ல. மொதத் தடவ நீ கேக்கத் தெரியாமக் கேட்டிருக்க.” அங்கேயே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்த வீட்டு வாசலில் பாலசுந்தரம் மொட்டையைப் பார்த்ததும் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலைங்க,” என்றாள் பத்மாசினி. “வேலை பெர்மனென்ட் ஆனா முடி எடுக்குறதா வேண்டுதல்.”

பாலசுந்தரம் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெண் ஸ்ரீவர்ஷினி மாப்பிள்ளையிடம் இரண்டே கேள்விகள் கேட்டாள்.

“முடி வளருமா?”

“வளரும்.”

“வேலை போகுமா?”

“போகாது.”

“அப்ப சரி.”

கல்யாணம் நடந்தது. சாய்குமார் இப்போது அதே அலுவலகத்தில் கண்காணிப்பாளர், இரண்டு பிள்ளைகள். வளர்ந்த முடி நாற்பது வயதில் தானாகவே போய்விட்டது. சிவக்குமார் பதவி உயர்ந்து சென்னைக்குப் போய் அங்கேயே ஓய்வு பெற்றார். பத்து ஏழுகளும் டெல்லி வழியாகக் கடல் கடந்தன. இந்தப் பக்கம் வாழ்க்கை ரொம்ப மலிவு என்று அங்கே யாரோ முடிவுக்கு வந்ததாகப் பாலசுந்தரம் பேப்பரில் படித்துவிட்டு, அந்த மலிவான ஊருக்கு எந்த பஸ் போகிறது என்று மருமகனிடம் கேட்டார்.

ஆண்டிச்சாமி கடையை மகனிடம் கொடுத்துவிட்டார், பழைய ஆட்களுக்கு மட்டும் வெட்டுகிறார். போன மாதம் அவரிடம் உட்கார்ந்திருந்தபோது இந்த ஏழு ரூபாய் அதிசயத்தைச் சொன்னேன். கத்தரியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதிசயமெல்லாம் இல்லண்ணே,” என்றார். “மூணு நாள்ல மூணு கடையில முடிவெட்டி ரசீது கேட்டுச்சே அந்தப் புள்ள, பாவம் மண்டைக்குள்ள என்னமோ ஆகிப்போச்சு, எந்தக் கடைக்கு வந்தாலும் டீக்காசுக்கும் பிளேடு காசுக்கும் மேல வாங்காதீகன்னு நாங்கதான் சங்கத்துல தீர்மானம் போட்டோம்.”